புதன்கிழமை காலை மண்டபக் கதவு திறந்திருக்க வேண்டும்: எங்கள் கோயில் நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

உங்கள் கடிதம் சென்ற வெள்ளிக்கிழமை என் கைக்கு வந்தது. நான்கே வரி. கோயில் மண்டபம் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து ஒரு கேட்டரிங் நிறுவனத்துக்கு முழுநேர வாடகைக்கு விடப்படுகிறது, ஆகவே புதன்கிழமை காலைகளில் எங்கள் தாய் சேய் பணிக்குத் தர இயலாது, ஸ்டோர் ரூமில் கிடக்கும் பொருட்களை மாதக் கடைசிக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பொருட்கள் என்னென்ன என்று உங்களில் பலர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. கூரைக் கம்பியில் மாட்டும் தொங்கு தராசு ஒன்று, கைக்குழந்தையைப் படுக்கவைத்து நீளம் அளக்கும் மரப்பலகை ஒன்று, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இரண்டு, பிளாஸ்டிக் பாய் ஆறு, கஞ்சி காய்ச்சும் பெரிய பானை, நான்கு வருஷத்து நோட்டுப் புத்தகங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். பிள்ளை வளர்ந்தால் அந்தப் பக்கத்தில் கோடு ஏறும், வளராவிட்டால் படுத்துவிடும்.

செயலாளரை நேரில் பார்த்துப் பேசினேன். மூன்று காரணம் சொன்னார். திருப்பணிக்குப் பணம் வேண்டும். பிள்ளை பெற்று நாற்பது நாள் ஆகாத பெண்கள் கோயில் வளாகத்துக்குள் வருவதாகப் புகார் வந்திருக்கிறது. நம்ம ஆட்கள் இல்லாதவர்களும் வந்து உட்காருகிறார்கள். மூன்றுக்கும் அப்போதே பதில் சொன்னேன். அவரும் பொறுமையாகக் கேட்டார். ஆனால் முடிவு மாறவில்லை. கோயில் ஊர்ப் பொதுவில் இருப்பது, அதனால் ஊரறிய எழுதுகிறேன்.

நான் 31 வருஷம் அரசாங்கத் தாய் சேய் கிளினிக்குகளில் சமூகத் தாதியாக இருந்தவள். ஊர் வழக்கில் சொன்னால் மிஸ்ஸி. பாதிக் காலம் சிலாங்கூர்த் தோட்டப்புறங்களில், மீதி கோலாலம்பூரில். இந்தக் கோயிலோடு எனக்கு உள்ள உறவு அந்த வேலையைவிடப் பழையது. என் அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தார். சம்பள நாளில் கோயிலுக்கென்று ஒரு வெள்ளியை, அதாவது ஒரு ரிங்கிட்டை, தனியாக எடுத்து அம்மாவிடம் கொடுப்பார். மண்டபத்துக்குத் தரை போட்டபோது அந்தக் காசும் அதில் சேர்ந்தது. அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

இது எப்படித் தொடங்கியது என்று புதிய குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். 2021 ஜூலையில், பெருந்தொற்றின்போது, சாப்பாட்டுக்கு வழியில்லாத வீடுகள் ஜன்னலில் வெள்ளைக்கொடி கட்டிய நாட்கள். இந்தக் கோயில் வாசலில் அரிசிப் பொட்டலம் கொடுத்தது. இப்போதைய குழுவில் இருக்கும் இரண்டு பேர் மழையில் நனைந்துகொண்டே கொடுத்ததை நான் பார்த்தேன். வரிசையில் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு. "அரிசி பரவாயில்லக்கா, பால் மாவு ஏதும் இருக்குமா?" என்று கேட்டாள். பிள்ளையின் மேல்கையை என் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துப் பார்த்தேன். விரல்கள் ஒட்டிய பிறகும் உள்ளே இடம் இருந்தது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு மேல்கைச் சுற்றளவு 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனாலே சத்துக்குறைவு, 11.5க்குக் கீழே என்றால் உயிருக்கே ஆபத்து. அதற்கென்றே பச்சை, மஞ்சள், சிவப்பு போட்ட நாடா இருக்கிறது. மறுவாரம் அந்த நாடாவோடு வந்தேன். அப்போதைய தலைவர், "மண்டபம் சும்மாதானே கெடக்கு மிஸ்ஸி, புதன்கிழமை எடுத்துக்குங்க" என்றார். எழுத்தில் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. அது என் தவறு.

அன்றிலிருந்து புதன்தோறும் காலை எட்டு மணிக்குத் திறக்கிறோம், பன்னிரண்டுக்குக் கழுவிப் பூட்டுகிறோம். பிள்ளைகளை எடை போடுகிறோம், நீளம் அளக்கிறோம், நாடா சுற்றிப் பார்க்கிறோம். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு இரத்த அழுத்தம் பார்க்கிறோம், கால் வீங்கியிருக்கிறதா, கண் வெளுத்திருக்கிறதா என்று பார்க்கிறோம். தாய்ப்பால் சரியாகப் பிடிக்காத குழந்தையைத் தாயோடு உட்கார்ந்து பிடிக்கவைக்கிறோம். சத்துமாவுக் கஞ்சி காய்ச்சி, எப்படிக் காய்ச்சுவது என்று காட்டி, அங்கேயே ஊட்டச் சொல்கிறோம். மருந்து கொடுப்பதில்லை, ஊசி போடுவதில்லை. தேவைப்பட்டால் துண்டுக் காகிதம் எழுதிக் கையில் கொடுத்து, கிளினிக்குக்கோ ஆஸ்பத்திரிக்கோ கூடவே ஆள் அனுப்புகிறோம். முட்டையும் நெத்திலியும் ஒரு நாள்கூட மண்டபத்துக்குள் வந்ததில்லை. அவை வெளியே ரோட்டோரம் நிற்கும் வேனிலேயே இருக்கும், தாய்மார் வீட்டுக்குப் போகும்போது வாங்கிக்கொள்வார்கள். கோயிலின் முறையை மதித்துத்தான் இத்தனை வருஷமும் நடந்துகொண்டோம்.

"கிளினிக் இருக்கே, அங்கே போகட்டுமே" என்று பொருளாளர் கேட்டாராம். சரியான கேள்வி. நானே அந்தக் கிளினிக்குகளில் உழைத்தவள், அவற்றைப் பற்றி ஒரு குறை சொல்ல எனக்கு மனம் வராது. இந்த நாடு சுதந்திரம் அடைந்த 1957இல் ஒரு லட்சம் பிரசவத்தில் 250க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்துகொண்டிருந்தார்கள். பின்னாளில் அது முப்பதுக்கும் கீழே இறங்கியது. கட்டடத்தைக் கட்டிவைத்துக்கொண்டு காத்திருந்து அதைச் சாதிக்கவில்லை. மருத்துவச்சி சைக்கிளில் மலாய்க் கிராமமான கம்பத்துக்குப் போனாள், மிஸ்ஸி மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்குப் போனாள், பிள்ளைத்தாய்ச்சியின் புத்தகத்தில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வில்லை ஒட்டி யார் யாரை முதலில் பார்க்க வேண்டும் என்று பிரித்து வைத்தாள். 1991இலிருந்து ஒவ்வொரு தாய்ச் சாவையும் தனித்தனியாக விசாரித்து எங்கே தவறியது என்று தேடினார்கள். தாய் எங்கே இருக்கிறாளோ அங்கே போய் நின்றதால்தான் அத்தனை உயிர் பிழைத்தது.

இப்போது அந்தத் தாய் எங்கே இருக்கிறாள்? நம் கோயிலைச் சுற்றியுள்ள அடுக்குமாடிகளில் இருக்கிறாள். அவளுடைய பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். அப்போது பிள்ளையை விட்டுவிட்டுப் போக ஆயாக் கொட்டகை இருந்தது. ஓர் ஆயா இருந்தாள், பால் கொடுத்தாள், காய்ச்சல் என்றால் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசரிடம் சொல்லியனுப்பினாள். அதைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை, தோட்டத்தில் பட்ட பாடு எனக்கும் தெரியும். ஆனால் தோட்டம் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் டவுனுக்கு வந்தபோது அந்தக் கொட்டகை கூட வரவில்லை. பேத்தி பேரங்காடியில் தரை துடைக்கிறாள். காலை ஆறு மணிக்கு வீட்டை விட்டால் இரவு எட்டுக்குத்தான் திரும்புவாள். 2023 ஜனவரியிலிருந்து பிரசவ விடுமுறை 98 நாள் என்று சட்டம் சொல்கிறது, நல்ல சட்டம். ஆனால் யார் முதலாளி என்றே தெரியாமல் ஏஜண்ட் கையில் நாள்கூலி வாங்குகிறவளுக்கு அந்த 98 நாளை யார் கொடுப்பது? கிளினிக்குக்கு ஒரு காலை போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு. இரண்டு தவணை தவறிவிட்டால், அப்புறம் திட்டு விழும் என்று பயந்தே போகாமல் விட்டுவிடுகிறாள். எங்கள் மண்டபம் அவள் வீட்டு லிஃப்ட்டிலிருந்து ஐந்து நிமிஷ நடை. அவளால் வர முடியாவிட்டால் பாட்டியோ பக்கத்து வீட்டுக்காரியோ பிள்ளையைத் தூக்கி வருகிறார்கள்.

ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். பாட்டி தூக்கி வந்தபோது பதினான்கு மாதம், எடை 7.1 கிலோ. அந்த வயதுப் பெண் குழந்தை ஒன்பது கிலோவைத் தாண்டியிருக்க வேண்டும். நாடா மஞ்சளில் நின்றது. கையில் ஒரு பால் புட்டி, அதை விடவே மாட்டேன் என்றாள். புட்டியை வாங்கி மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். டின் சூசு, கொதித்த தண்ணீரில் கரைத்தது. காப்பிக் கடையில் தே தாரிக்குக் கலக்கும் அதே இனிப்புப் பால். "நல்லா குடிக்கிறா மிஸ்ஸி, அழுவறதே இல்ல" என்று பாட்டி பெருமையாகச் சொன்னாள். அழவில்லைதான். அழுவதற்குத் தெம்பு இல்லை. அந்த டின்னிலேயே கைக்குழந்தைக்கு ஏற்றதல்ல என்று அச்சடித்திருக்கிறது, பாட்டிக்கு வாசிக்கத் தெரியாது. மாவுப்பால் விலைக்கு இந்தக் குடும்பத்தால் தாக்குப்பிடிக்க முடியாது. இது அக்கறையில்லாத வீடு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. குழந்தையின் நகம் வெட்டியிருந்தது, தலை சீவியிருந்தது, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு இருந்தது.

பாட்டியை உட்காரவைத்து ஒரு நாள் முழுக்க அந்தப் பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்று கேட்டோம். காலையில் புட்டி, பதினோரு மணிக்கு பிஸ்கட், மதியம் குழம்புத் தண்ணீர் ஊற்றிய இரண்டு வாய்ச் சோறு, அப்புறம் புட்டி, இரவிலும் புட்டி. நாங்கள் மந்திரம் எதுவும் செய்யவில்லை. சோற்றில் குழம்புத் தண்ணீருக்குப் பதிலாக மசித்த பருப்பு, ஒரு கரண்டி எண்ணெய், தினமும் ஒரு முட்டை, நெத்திலியை வறுத்துப் பொடித்துக் கஞ்சியில் ஒரு சிட்டிகை. புட்டியை ஒரே நாளில் பிடுங்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். கிளினிக்குக்கு எழுதிக் கொடுத்தோம், தாய் ஒரு நாள் விடுப்பு எடுத்துக் கூட்டிப் போனாள், இரத்தச்சோகைக்கு மருந்து கொடுத்தார்கள். ஐந்து மாதத்தில் 8.6 கிலோ. நோட்டில் கோடு ஏறியது. அன்று அந்தக் குழந்தை தராசில் உட்காரமாட்டேன் என்று மண்டபமே அதிரக் கத்தினாள். பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஏதோ ஒரு வீட்டுக் கதை என்று தள்ளிவிட முடியாது. 2018இல் யுனிசெப் கோலாலம்பூரின் மலிவு விலை அடுக்குமாடிகளில், 17 இடங்களில், ஓர் ஆய்வு நடத்தி வெளியிட்டது. அங்கே ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 15 சதவீதம் பேர் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள். இது நாட்டின் மூலையில் எங்கோ இருக்கும் ஊர் இல்லை, இரட்டைக் கோபுரம் ஜன்னலில் தெரியும் வீடுகள். 2019இல் சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வும் நாடு முழுக்க ஐந்தில் ஒரு பிள்ளை குட்டையாக நின்றுவிடுகிறது என்றுதான் சொன்னது. அதே ஆய்வில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பத்துக்கு மூன்று பேருக்கு இரத்தச்சோகை. குட்டை என்றால் பரம்பரை என்று நாம் விட்டுவிடுகிறோம். கருவில் இருக்கும் நாளிலிருந்து இரண்டாவது பிறந்தநாள் வரை, ஏறக்குறைய ஆயிரம் நாள், அதற்குள் உடம்பும் மூளையும் வாங்க வேண்டியதை வாங்காவிட்டால் பிற்பாடு பெரும்பகுதியை ஈடுகட்ட முடிவதில்லை. ஒன்றாம் ஆண்டில் எழுத்து ஏறவில்லை என்று நாம் ட்யூஷனுக்குக் காசு வசூலிக்கிற பிள்ளைகளில் சிலர் இந்தப் பிள்ளைகள்தான்.

இனி நாற்பது நாள் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அதிகம் வலித்தது அந்தப் புகார்தான்.

போன வருஷம் ஒரு புதன்கிழமை. இருபத்திரண்டு வயதுப் பெண், தலைப்பிரசவம். புருஷன் வீடு ரவாங்கில், பிரசவத்துக்குப் பிறகு தாய்வீட்டுக்கு, அதாவது நம் அடுக்குமாடிக்கு, வந்துவிட்டாள். நான் வேலையில் இருந்தபோது பிரசவமான முதல் நான்கு நாள் தினமும், அப்புறம் 6, 8, 10, 20ஆம் நாட்களிலும் வீடு தேடிப் போய்ப் பார்ப்போம். ஆனால் எந்த வீட்டுக்கு? இவள் கொடுத்த முகவரி ரவாங். மிஸ்ஸி அங்கே போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பாள். நம்மவர்கள் தாய்வீட்டுக்குப் போவது வழக்கம், போகும்போது கிளினிக்குக்குச் சொல்லிவிட்டுப் போவது வழக்கமாகவில்லை. குழந்தைக்கு ஆறாம் நாள். மஞ்சள் இருக்கிறது என்று பாட்டி காலை வெயிலில் காட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டம்மாள்தான், "மண்டபத்துல மிஸ்ஸி இருப்பாங்க, வா" என்று இழுத்து வந்தாள்.

வேப்பமரத்தடியில் பகல் வெளிச்சத்தில் குழந்தையின் நெற்றியை விரலால் அழுத்தி எடுத்தேன். மஞ்சள். நெஞ்சில் மஞ்சள், வயிற்றில் மஞ்சள். காலுறையைக் கழற்றி உள்ளங்காலை அழுத்தினேன், அங்கேயும் மஞ்சள். உள்ளங்கால் வரை இறங்கிவிட்ட மஞ்சளை வெயிலில் காட்டிக்கொண்டிருக்கக் கூடாது. குழந்தையைத் தட்டினேன், முழிக்கவில்லை. மார்பில் வைத்தால் இரண்டு சப்புச் சப்பிவிட்டுத் தூங்கியது. சட்டையை மோந்து பார்த்தேன், அந்துருண்டை வாசம். பிறந்த குழந்தைகளுக்குத் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கிறதா என்று தொப்புள்கொடி இரத்தத்தில் ஒரு சோதனை செய்கிறார்கள். அந்தக் குறை உள்ள குழந்தைக்கு அந்துருண்டை வாசமே இரத்தத்தை உடைத்து மஞ்சளை ஏற்றிவிடும். இந்தக் குழந்தைக்கு அந்தக் குறை இருந்தது. சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் அலமாரியில் பத்திரமாக வைத்த பழைய துணியை எடுத்துப் போட்டது பாட்டி, அவளிடம் யாரும் சொல்லவில்லை. எங்கள் தொண்டர் ஒருவரின் காரில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நீல விளக்கின் கீழே மூன்று நாள் வைத்தார்கள். இரத்தம் மாற்றும் அளவுக்குப் போகாமல் தப்பியது. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் மஞ்சள் மூளைக்கு ஏறியிருக்கும், காது கேட்காமல் போயிருக்கும், கைகால் இழுத்திருக்கும். இன்று அந்தப் பையன் மண்டபத் தூணைச் சுற்றி ஓடுகிறான், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறான்.

அன்று வந்தவள் பிள்ளை பெற்று ஆறே நாள் ஆனவள். உங்களுக்கு வந்த புகார் அவளைப் பற்றியதுதான். அவள் சன்னிதிப் பக்கம் வரவில்லை. கொடிமரத்தைத் தாண்டவில்லை. மண்டபத்துக்குத் தனிக் கதவு, பின்பக்கச் சந்தில் தனி கேட். அந்த வழியாக வந்து அந்த வழியாகப் போனாள். வழக்கத்தை மீறச் சொல்லி நான் யாரையும் கேட்டதில்லை, கேட்கப்போவதுமில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நம் கோயிலில் பெரியாச்சி அம்மனுக்கு ஒரு மேடை இருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சிக்கும் பச்சைப்பிள்ளைக்கும் காவல் அவள் என்று நம்பித்தான், பிள்ளை பிறந்து தீட்டுக் கழிந்ததும் முதல் வேலையாக அவளுக்குப் படையல் வைக்கிறோம். என் அம்மா எனக்காக வைத்தாள், நான் என் பிள்ளைகளுக்காக வைத்தேன். அவள் காவல் காக்கும் வளாகத்தின் பின்கேட்டில் ஒரு பச்சை உடம்புக்காரியைத் திருப்பி அனுப்பச் சொல்லி அந்த அம்மாவே கேட்பாள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

நம்ம ஆட்கள் இல்லாதவர்கள் வருகிறார்கள் என்பது உண்மை. இந்தோனேசியப் பெண்கள் சிலர் வருகிறார்கள், ரோஹிங்கியா தாய்மார் இரண்டு மூன்று பேர் வருகிறார்கள். பின்கேட்டில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு உள்ளே வருவார்கள். யாரும் எதையும் தொடுவதில்லை. நான் அவர்களைத் திருப்பி அனுப்பமாட்டேன். இரக்கத்துக்காக மட்டும் சொல்லவில்லை. நம் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் ஒரே லிஃப்ட்டில் ஏறி இறங்குகிறார்கள். ஒன்பதாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் போட வேண்டிய தட்டம்மை ஊசி எட்டாவது மாடியில் ஒரு பிள்ளைக்கு விட்டுப்போனால், ஒன்பது மாதமே ஆகாத ஏழாவது மாடிப் பிள்ளைக்கும் அது ஆபத்து.

அப்புறம், "நம்ம ஆட்கள்" என்று சொல்லும்போது யாரைச் சேர்க்கிறோம், யாரை விடுகிறோம் என்று ஒரு கணம் யோசியுங்கள். புதன்கிழமை வரும் பிள்ளைகளில் ஒருவன், மூன்று வயது. அப்பா இங்கே பிறந்து வளர்ந்த தமிழர், குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை, அதாவது நீல ஐசி, வைத்திருப்பவர். அம்மா இந்தோனேசியாவின் மேடானிலிருந்து வந்த தமிழ்ப்பெண். ஒரு கோயிலில் தாலி கட்டினார்கள். எந்தக் கோயில் என்பது இங்கே வேண்டாம். ஐயர் மந்திரம் சொன்னார், விருந்து நடந்தது, போட்டோ எடுத்தார்கள். பதிவிலாகாவில் பதிவு செய்ய வேண்டும் என்று அன்று யாரும் கேட்கவில்லை. 1982 மார்ச் 1ஆம் தேதியிலிருந்து இந்த நாட்டில் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதிந்தால்தான் சட்டத்தின் கண்ணில் திருமணம். பதியாவிட்டால் பிள்ளை தாயின் குடியுரிமையைத்தான் தொடரும். பையனின் பிறப்புச் சூராட்டில், அதாவது பிறப்புச் சான்றிதழில், 'புக்கான் வார்கநெகாரா' (குடிமகன் அல்ல) என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். அப்பா பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தார், பிள்ளை பிறந்த பிறகு செய்த பதிவு பிள்ளைக்கு உதவவில்லை. இப்போது அரசியலமைப்பின் 15ஏ பிரிவில் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். பையனுக்குக் காய்ச்சல் வந்தால் வெளிநாட்டவர் கட்டணம். அதனால் காய்ச்சல் முற்றும் வரை வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள். ஒரு தடவை மண்டபத்துக்குத் தூக்கி வந்தபோது மூச்சு விடும்போது விலா எலும்புக்குக் கீழே பள்ளம் விழுந்தது, நிமோனியா. அவன் நம்ம ஆள் இல்லையா? அந்தக் கல்யாணத்தை முடித்துவைத்த கோயிலில் யாராவது ஒருவர் ஃபாரம் எங்கே என்று கேட்டிருந்தால் இந்தப் பையனின் வாழ்க்கை வேறு மாதிரி இருந்திருக்கும். இது எங்கள் புதன்கிழமையைவிடப் பெரிய விஷயம், இதைச் சரிசெய்யும் கை உங்களிடம்தான் இருக்கிறது.

வாடகைப் பணம் பற்றி. கோயிலுக்குப் பணம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. கூரை ஒழுகுவது எனக்கும் தெரியும், மழை நாளில் தராசை மாட்ட இடம் தேடியவள் நான்தான். ஆனால் நாங்கள் கேட்பது வாரத்தில் நான்கு மணி நேரம். கேட்டரிங்காரர்கள் புதன்கிழமை மட்டும் பன்னிரண்டு மணிக்கு மேல் அடுப்பு மூட்டினால் போதும். ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரியைச் சேர்க்க அவர்களிடம் கேட்டீர்களா என்று செயலாளரிடம் கேட்டேன், கேட்கவில்லை என்றார். கேட்டுப் பார்க்காமலேயே எங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். புதன்கிழமைக்கான மின்சாரமும் தண்ணீரும் எவ்வளவு என்று சொல்லுங்கள், தொண்டர்கள் நாங்கள் கட்டுகிறோம்.

என் கோரிக்கைகள் இவை.

மாதக் கடைசிக்கு முன் அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெறுங்கள். புதன்கிழமை காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை மண்டபம் தாய் சேய் பணிக்கு என்று குழுக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, எழுத்தில் கொடுங்கள். வாய்ச் சொல்லை நம்பி இன்னொரு முறை இருக்க முடியாது. அன்று முகூர்த்தம் வந்து மண்டபம் வேண்டுமென்றால் இரண்டு வாரம் முன்னால் சொல்லுங்கள், அன்னதானக் கொட்டகைக்கு மாறிக்கொள்கிறோம்.

பின்பக்க கேட்டின் சாவி ஒன்றையும் ஸ்டோர் ரூமில் ஒரு அலமாரியையும் எங்களிடம் விடுங்கள். பச்சை உடம்புக்காரிகள் அந்த கேட் வழியாக வந்து போகலாம் என்று காவலாளியிடம் நீங்களே சொல்லுங்கள். நான் சொன்னால் அவர் கேட்பதில்லை.

திருமணத்துக்கு மண்டபமோ சன்னிதியோ முன்பதிவு செய்ய வருகிறவர்களிடம் பதிவு ஃபாரத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கம் வெளிநாட்டவர் என்றால் பதிவு முடியாமல் தாலி எடுத்துக் கொடுக்காதீர்கள். இதை நோட்டீஸ் போர்டில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். பிள்ளை பிறந்து 60 நாளுக்குள் பதிய வேண்டும், தாய்வீட்டுக்குப் போகிறவர்கள் கிளினிக்கில் முகவரியை மாற்றிச் சொல்ல வேண்டும் என்ற இரண்டையும் அதே போர்டில் சேர்த்து எழுதித் தருகிறேன்.

இந்த முடிவை எடுத்த கூட்டத்தில் ஒரு பெண்கூட இல்லை என்று கேள்விப்பட்டேன். வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் குறைந்தது இரண்டு பெண்களைக் குழுவில் சேருங்கள். எனக்கு அந்த இடம் வேண்டாம், பிள்ளை வளர்க்கும் வயதில் இருக்கும் இரண்டு பேர் நம் அடுக்குமாடியிலேயே தயாராக இருக்கிறார்கள்.

கடைசியாக, நீங்கள் அனைவரும் வரும் புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு முறை மண்டபத்துக்கு வாருங்கள். ஒரு மணி நேரம் பாயில் உட்காருங்கள், ஒரு பிள்ளையை நீங்களே தூக்கித் தராசில் வையுங்கள். அதற்குப் பிறகு உங்கள் பதிலைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமூகத் தாதி,
செந்தூல், கோலாலம்பூர்